வெண்ணெய்க் கட்சி

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. இதை நூறு பிரதி அடித்துத் தெருவெல்லாம் கொடுத்துவிடுவார், அந்தப் பயம்தான். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் ஓர் அச்சகத்தில் நான் கம்ப்யூட்டரில் டிசைன் செய்யச் சேர்ந்தபோது அவர் அங்கே கட்டிங் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷினிலிருந்து வரும் பெரிய தாள்களை அளவு பிசகாமல் லேபிள் லேபிளாக வெட்டித் தருவது அவர் வேலை. முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அவருக்குத் தனியாகச் சாப்பிடத் தெரியாது. மதியம் மிஷினை நிறுத்தியதும் தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செக்‌ஷனாகப் போய் நிற்பார். "வாங்க, நேரமாச்சு" என்பார். வேலை இருக்கிறது என்றால் போக மாட்டார், அங்கேயே நிற்பார். பசியோடு ஒரு பெரிய மனிதர் தூக்குச்சட்டியோடு பக்கத்தில் நின்றால் யாருக்கு வேலை ஓடும்? எழுந்து போய்விடுவோம்.

ஒரு அடைமழை நாளில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் ஒரு அவசர ஆர்டருக்காக மதுரைக்குப் போய்விட்டோம். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஒரு முன்பின் தெரியாத மனிதர் வெற்றிலை போட்டுக்கொண்டு நாங்கள் சாப்பிடும் பெஞ்சில் சாய்ந்திருந்தார். அவர் மறுத்தும் அண்ணாச்சி விடவில்லையாம். "மீட்டர் எங்கன ஓடிப் போவுது, அங்கனயேதான ஓடும். நீங்க உக்காந்து ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து அந்த மனிதர் சரியாக மதியம் ஒரு மணிக்குத்தான் மீட்டர் பார்க்க வந்தார்.

அவருடைய பரோட்டாக் காலத்தை நான் கடைசி இரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். விருதுநகருக்கு லேபிள் லோடு போகிறதென்றால் அண்ணாச்சி வண்டியில் ஏறிவிடுவார். லோடு இறக்குவதற்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. அங்கே எண்ணெய்ப் பரோட்டா கிடைக்கும், அதுதான் சம்பந்தம். தோசைக்கல்லில் ஒரு சுற்று எண்ணெயை ஊற்றிப் பொரிக்கும் பரோட்டா. உள்ளங்கை அளவில் இருக்கும், கையில் எடுத்தால் நொறுங்கும். அதை இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, அது ஊறுவதற்குள் முதல் வாயை வைத்துவிட வேண்டும் என்பார். அவர் தின்பதைவிட அடுத்தவன் இலையைப் பார்ப்பதுதான் அதிகம். "என்னலே கோழி கொத்துற மாதிரிக் கொத்துத" என்று நம் இலையில் இரண்டைத் தூக்கிப் போடுவார். அந்த இரண்டும் அவர் இலையிலிருந்து வந்தவை. பிறகு தனக்கு நான்கு கேட்பார்.

இப்படி இருந்தவருக்கு ஒருநாள் சீனி வியாதி இருக்கிறதென்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெரு மண்டபத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. அங்கேயும் அவர் தனியாகப் போகவில்லை, எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினார். எங்களுக்கெல்லாம் ஒன்றுமில்லை. அவர் விரலில் குத்திப் பார்த்த பெண் மட்டும் இன்னொரு முறை குத்திப் பார்த்தாள்.

அண்ணாச்சிக்குச் சாவு பயம் கிடையாது. வெடிக்கம்பெனிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் பாதி மரத்துப் போயிருக்கும். அவருக்கு இருந்தது கால் பயம். அவருடைய மூத்த அண்ணனுக்கும் இதே சீனிதான். காலில் சின்னதாக ஒரு புண் வந்தது, ஆறவில்லை, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விஸ்வநத்தத்தில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த மனிதர் கட்டிலோடு கிடந்தார். அண்ணாச்சிதான் வாரம் ஒருமுறை போய் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு வருவார். முகாமிலிருந்து வந்த அன்று மதியம் எங்களோடு உட்கார்ந்தார், ஆனால் சாப்பிடாமல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் இரண்டு காலையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சோற்றைக் குறைக்கச் சொன்னார். குறைப்பது, கூட்டுவது எல்லாம் அண்ணாச்சிக்குத் தெரியாத கணக்கு. ஒன்று முழுசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கவே கூடாது. அந்தச் சமயத்தில் அவர் போனில் யாரோ ஒருவர் ஒரு குழுவில் அவரைச் சேர்த்துவிட்டார். அந்தக் குழுவில் இரவும் பகலும் வெண்ணெய், முட்டை, தேங்காய் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். சோற்றைத் தொடாமல் நெய்யும் வெண்ணெயும் கறியுமாகத் தின்றால் சீனி இறங்கிவிடும் என்று அண்ணாச்சி முடிவுக்கு வந்துவிட்டார். முடிவுக்கு அவர் மட்டும் வந்தால் போதுமா? நாங்களும் வர வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை மதியம் சாமி படத்துக்குக் கீழே இருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கியவர். அவரும் சின்ன வயதில் அங்கே போய் வந்தவர்தான். ஒரு குச்சியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"ஏலே, இந்தத் தலையில இருக்கிற மருந்து எம்புட்டு நேரம் எரியும்? கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சு போவும். பெறகு குச்சி எரியிதே, அது எதனால?"

பதிலையும் அவரே சொன்னார்.

"மருந்துல முக்குறதுக்கு முன்னாடி குச்சிய மெழுகுல முக்குவாக. அந்த மெழுகுதாம்லே நின்னு எரியிது. சோறு, பரோட்டா, சீனி, இதெல்லாம் தலை மருந்து. குபீர்னு ரத்தத்துல ஏறும், குபீர்னு எறங்கும், மறுபடி பசிக்கும். மிச்சம் மீதிய ஒடம்பு கொண்டு போயி தொப்பையில ஒளிச்சு வைக்கும். நெய்யி, வெண்ணெ, தேங்கா இதெல்லாம் மெழுகு. மெதுவாத்தான் செரிக்கும், சீனிய ஏத்தாது, நின்னு எரியும். புரியிதா?"

"அப்ப நான் காலையில தின்னுட்டு வந்த இட்லி?" என்றான் மிஷின் ஓட்டும் கருப்பசாமி.

"அது எரிஞ்சு அணைஞ்சு போச்சு. அதாம்லே பதினோரு மணிக்கே டீக்கடைக்கு ஓடுத."

சொல்லிவிட்டு விளக்கத்துக்காகக் குச்சியை உரசிக் கொளுத்தியும் காட்டினார். சுற்றிலும் பண்டல் பண்டலாகத் தாள். முதலாளி மாடியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி ஓடி வந்தார். அன்றைக்கு அண்ணாச்சி வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. ஆனால் மறுநாள் முதலாளியும் ஒரு அவித்த முட்டையோடு வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார்.

அப்படி உருவானதுதான் வெண்ணெய்க் கட்சி. பெயர் வைத்தது எங்கள் பைண்டிங் செக்‌ஷன் முத்துமாரி அக்கா. கேலியாகத்தான் வைத்தார், அண்ணாச்சி அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கட்சியில் அச்சகத்து ஆட்கள் எல்லோரும் உண்டு, அண்ணாச்சியின் மனைவியும் உண்டு. அவரை நாங்கள் மதினி என்போம். மதினி காலையில் எல்லோருக்கும் சேர்த்து முட்டை அவித்து, பாதாம்பருப்பை வெண்ணெயில் வறுத்து அனுப்புவார். அண்ணாச்சி தூக்குச்சட்டிகளைத் திறந்து சோதனை போடுவார். சோற்றுப் பருக்கை கண்ணில் பட்டால் அன்றைக்கு முழுக்க அந்த ஆளுக்கு அறிவுரை. முத்துமாரி அக்கா ஒருநாள் முட்டைக்கு அடியில் புளியோதரையைப் பரப்பிக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார். "தாயி, நீ எனக்குப் பண்ணல, ஒனக்கு நீயே பண்ணிக்கிடுத" என்று அண்ணாச்சி சொன்ன குரலில் கோபமே இல்லை. துக்கம்தான் இருந்தது. அதற்கு நாலு ஏச்சு ஏசியிருக்கலாம் என்றார் அக்கா.

கட்சி உச்சத்தில் இருந்தபோது மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணம். எங்கள் அச்சகத்து டிரைவரின் தங்கை கல்யாணம். பந்தியில் ஒரு வரிசை முழுக்க நாங்கள். இலை போட்டுச் சோற்றுச் சட்டியோடு வந்தவரிடம் அண்ணாச்சி, "சோறு வேண்டாம், நெய்ய மட்டும் ஊத்துங்க" என்றார். அவர் அடுத்த இலைக்குப் போனார். அங்கேயும், "நெய்ய மட்டும்." அதற்கடுத்த இலையிலும் அதே. வரிசை முடிவதற்குள் அவர் முகம் வெளிறிப்போய் உள்ளே ஓடிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பா கையைக் கூப்பியபடி வந்து நின்றார். "என்ன கொறை இருந்தாலும் சொல்லுங்க, மரியாதைக் கொறைவா யாரும் பேசிட்டாகளா? இலையில சோறு வேண்டாம்னுட்டீகளாமே" என்றார். அவருக்குக் கொழுப்புக்கும் மாவுச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அண்ணாச்சி விளக்கி முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கடைசியில் டிரைவரின் மானத்தைக் காப்பாற்ற எல்லோரும் ஒரு கரண்டிச் சோறு வாங்கினோம். எனக்கு அந்தச் சோறு தேவாமிர்தமாக இருந்தது.

கேலி செய்கிறேனே தவிர, அவருக்கு அது வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். தொப்பை இறங்கியது. வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் வாங்கினார். சீனியும் இறங்கியது. மாடிப்படியில் ஏறும்போது இரைக்கவில்லை. தினமும் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்த்துக்கொள்வார். மாத்திரை எழுதிய டாக்டரிடம் மட்டும் அவர் திரும்பப் போகவில்லை. போனால் சோறு தின்னச் சொல்லிவிடுவாரோ என்று பயம். சோற்றை நிறுத்தினார், மாத்திரையை நிறுத்தவில்லை. மூன்று வேளை சோறு தின்ற உடம்புக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை.

கால் நல்லபடியாக இருந்தால் நடந்தே வருகிறேன் என்று அவர் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். அந்த ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு வெண்ணெய்க் கட்சி மொத்தமும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு சிவகாசியிலிருந்து சாத்தூர் ரோட்டில் இறங்கியது. வெள்ளெனக் கிளம்பியிருக்க வேண்டும். எல்லோருக்கும் ஆம்லேட் போட்டு முடிக்க நேரமாகிவிட்டது. மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள், ரோட்டில் எங்கள் கூட்டம் மட்டும்தான். அண்ணாச்சி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெண்ணெய் போட்ட டீயைக் குடித்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தார். அப்படி ஒரு நடை. "பாத்தீகளா, மெழுகு நின்னு எரியிது" என்று திரும்பித் திரும்பிச் சொன்னார்.

சாத்தூருக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் பட்டாசுக் கம்பெனிகளாக இருக்கிற இடத்தில் அவர் பேச்சு நின்றது. எனக்கு முதலில் அதுதான் வித்தியாசமாகப் பட்டது. பிறகு கருப்பசாமியைக் காரணமில்லாமல் ஏசினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, அன்று வானம் மூட்டம், வெயிலே இல்லை. கை நடுங்கியது. என்னைப் பார்த்துத் தன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நீ எப்பண்ணே நடந்து வந்த?" என்று கேட்டார். மதினி அவர் கையைப் பிடித்து ரோட்டோரப் பாலத்துச் சுவரில் உட்கார வைத்தார்.

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "பசிதான், பாதாம குடு" என்றான் கருப்பசாமி. கொடுத்தோம், மென்றார். தேங்காய்ச் சில்லைக் கொடுத்தோம். வெண்ணெய் டப்பாவைத் திறந்து கரண்டியால் ஊட்டினோம். விழுங்கிக்கொண்டே இருந்தார், நடுக்கம் கூடிக்கொண்டே போனது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. நான் எதிரே இருந்த கம்பெனி கேட்டுக்கு ஓடி, சூடாக ஒரு டீ கிடைக்குமா என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனி வாசலில் அடுப்பு ஏது? தண்ணீர்தான் கொடுத்தார்.

நான் திரும்பி வரும்போது பின்னால் தங்கிவிட்ட முத்துமாரி அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார். அண்ணாச்சியின் நெற்றியைத் தொட்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. அவருடைய மாமியாருக்கு இப்படி வருமாம்.

"வெண்ணெய எடுங்க அங்கிட்டு. இது சீனி எறங்கிப் போச்சு. இனிப்புக் குடுக்கணும், ஒடனே. யாருகிட்ட இனிப்பு இருக்கு?"

 வெண்ணெய்க் கட்சியில் யாரிடம் இனிப்பு இருக்கும்? எல்லோரும் தரையைப் பார்த்தோம். அப்போது கருப்பசாமி மெல்லத் தன் டவுசர் பைக்குள் கையை விட்டுக் கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். முதலாளி தோள்பையின் அடியிலிருந்து குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார். டிரைவரிடம் சீனி மிட்டாய். அக்காவே தன் சுருக்குப்பையை அவிழ்த்துக் கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்தார். ஒரு நிமிடத்தில் பாலத்துச் சுவரில் ஒரு மிட்டாய்க் கடையே உருவாகிவிட்டது. எல்லோரையும் தள்ளிக்கொண்டு மதினி முன்னால் வந்து, வழி நெடுகத் தான் தண்ணீரென்று குடித்துக்கொண்டு வந்த எவர்சில்வர் பாட்டிலைத் திறந்து அண்ணாச்சியின் வாயில் வைத்தார். ஏலக்காய் வாசம் வந்தது. அது தண்ணீரே இல்லை, வெல்லம் கரைத்த பானகம்.

பாட்டிலில் பாதி உள்ளே போனது. ஒரு பஸ் போனது, பின்னால் ஒரு லோடு வண்டி போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை நடுக்கம் நின்றது. அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு சுவரில் பரப்பியிருந்த மிட்டாய்களைப் பார்த்தார். வரிசையாக, ஒன்று விடாமல் பார்த்தார்.

"அம்புட்டுப் பேருமாலே?" என்றார்.

சாத்தூரில் ஆட்டோ பிடித்து ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். பொறுமையானவர். அண்ணாச்சி அவரிடமும் தீக்குச்சி விளக்கத்தை ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "மெழுகு நின்னு எரியும், சரிதான். தலையில மருந்து இல்லாத குச்சிய எத்தனை தடவை உரசினா பத்தும்?" என்றார்.

பிறகு டாக்டரம்மாவே விளக்கினார்.

"மாவுச்சத்து சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல சீனியா மாறி ரத்தத்துக்கு வந்துரும். கொஞ்சம் கல்லீரல்லயும் தசையிலயும் இருப்பு இருக்கும், நடந்தா அதுவும் சீக்கிரம் தீந்துரும். கொழுப்பு அப்படி இல்ல. செரிக்கவே நேரம் பிடிக்கும், ஒடம்பு அத எம்புட்டு வேணாலும் சேத்து வச்சு மெதுவா எரிக்கும். நீங்க அவ்வளவு தூரம் நடந்தது அதனாலதான். ஆனா சீனி எறங்குன அவசரத்துக்கு அது உதவாது. மூளைக்கு அந்த நேரம் சீனி வேணும். மாத்திரையப் போட்டு சீனியக் கீழ தள்ளிட்டீங்க, ஏத்துறதுக்கு வெண்ணெயக் குடுத்தா எப்படி ஏறும்? போதாததுக்கு அந்த வெண்ணெய் பின்னால வர்ற சீனியையும் மெதுவாக்கும்."

"அப்ப நான் சோத்த விட்டது தப்பா?"

"சோத்தக் கொறைச்சது தப்பில்ல. கொறைச்சத மாத்திரை எழுதுன டாக்டர்கிட்ட சொல்லாததுதான் தப்பு." பிறகு அவர் குனிந்து அண்ணாச்சியின் இரண்டு பாதங்களையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "காலு நல்லா இருக்கு. இன்னைக்கு மட்டும் இதுக்கு மேல நடக்க வேணாம்" என்றார்.

இருக்கன்குடிக்கு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். வாக்குத் தவறிவிட்டோமே என்று அண்ணாச்சி தலை நிமிரவில்லை. "ஆத்தா ஒங்க காலத்தான பாத்தா, ரோட்டையா அளந்தா? காலு வந்து சேந்துருச்சுல்ல, வாங்க" என்று மதினி கூட்டிக்கொண்டு போய்க் கும்பிட வைத்தார். வெளியே ஆற்று மணலில் அன்னதானம். சுடுசோறு, சாம்பார், ஒரு கரண்டி பாயாசம். வரிசையாக உட்கார்ந்தோம். யாரும் இலையில் கை வைக்கவில்லை.

அண்ணாச்சி கேட்டார். "எத்தன நாளா?"

கருப்பசாமி இலை ஓரத்தை மடித்து மடித்து விரித்தான்.

"இனிப்புத் தின்னதுக்குக் கேக்கலை. ஏங்கூட ஒரே பெஞ்சில உக்காந்துட்டு, எனக்குத் தெரியாம ஆளாளுக்கு எங்கனயோ மறைஞ்சு நின்னு தனித்தனியாத் தின்னிருக்கீக. அதத்தான் கேக்கேன். நாளெல்லாம் வாங்க வாங்கன்னு கூப்பிட்டேனேய்யா."

அவர் குரல் உடைந்தது. சீனி இறங்கியபோதுகூட அவர் அப்படி இல்லை. 

மதினிதான் பதில் சொன்னார். "நீங்க தனியாச் சாப்பிட மாட்டீக. நாங்க சோத்த வச்சுட்டு எதுக்க உக்காந்தா நீங்களும் சோத்துலதான் கைய வைப்பீக. ஒங்க காலு போயிரக் கூடாதுன்னுதான் இந்தப் புள்ளைக அம்புட்டும் மாசக்கணக்கா முட்டையத் தின்னுச்சு. அதுகளுக்கு என்ன, வெண்ணெ தின்னணும்னு தலையெழுத்தா? போற வழியில ரெண்டு மிட்டாயத் தின்னா என்னவாம். அது இல்லாட்டி இந்நேரம் நீங்க இங்கன உக்காந்திருக்க மாட்டீக."

அண்ணாச்சி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முன்னால் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பரிமாறிக்கொண்டு வந்த பெரியவர், "என்னய்யா, சாமி சோத்த வச்சுட்டு ஒக்காந்திருக்கீக" என்று அதட்டினார். அண்ணாச்சி இலையிலிருந்த சோற்றில் முக்கால் பாகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சம் இருந்த ஒரு பிடியைப் பிசைந்தார். வாயில் வைத்து மென்று கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து தின்ன ஆரம்பித்தோம். கருப்பசாமி மூன்று முறை சோறு வாங்கினான், அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே பழைய டாக்டரைப் போய்ப் பார்த்தார். மாத்திரை பாதியானது. ஒரு பிடி சோறு, நிறையக் காய், முட்டை என்று அவர் சாப்பாடு ஒரு நிலைக்கு வந்தது. பிரசாரம் மட்டும் நிற்கவில்லை. சட்டைப்பையில் சீனிப் பொட்டலம் வைத்துக்கொண்டு, சீனி வியாதிக்காரர் யாரைப் பார்த்தாலும் சம்பந்தமில்லாமல் நிறுத்தி ஒன்றைக் கொடுத்து, அது எதற்கென்று விளக்கிவிட்டுத்தான் போவார். பொட்டலம் கட்டியது எல்லாம் எங்கள் லேபிள் கழிவுத்தாளில். பட்டாசுப் படம் போட்ட தாளில் சீனியைப் பார்த்து ஒரு கிழவி வெடிமருந்து என்று அலறிய கதையும் உண்டு.

இப்போது அவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போய் நாலைந்து வருடமாகிறது. அங்கே ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுகிறார்களாம், மதினி ஒருவரை வைத்து அவருக்குப் பந்தி ஆகவில்லை. மதியம் ஒரு மணிக்கு முத்துமாரி அக்காவின் போனுக்கு வீடியோ காலில் வந்துவிடுவார். இங்கே போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவோம். அங்கே அவர் தட்டோடு உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் எனக்கும் சீனி இருக்கிறதென்று சொன்னார்கள். வீட்டில் சொன்னேன், அச்சகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள், பாவம் பார்ப்பார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. வேலை இருக்கிறதென்று சொல்லிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் தண்ணீர்த் தொட்டி நிழலில் சாப்பிட ஆரம்பித்தேன். நாலாவது நாளோ என்னவோ, என் போனுக்கே அண்ணாச்சியின் வீடியோ கால் வந்தது.

"எங்கனலே இருக்க? நாலு நாளா அக்கா போன்ல ஒன் மூஞ்சியே தெரிய மாட்டேங்குது" என்றார்.

"மாடியில இருக்கேன் அண்ணாச்சி."

"கூட யாரு இருக்கா?"

டப்பா மட்டும்தான் என்று போனைத் திருப்பிக் காட்டினேன், நிறையக் காய், ஒரு பிடி சோறு.  பிறகு, "சீனியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். போன் ஆடியது, கட்டில் தெரிந்தது, தரை தெரிந்தது, பிறகு அவருடைய இரண்டு பாதங்களும் திரை முழுக்க வந்து நின்றன. வயதான, நரம்பு ஓடிய, சுத்தமான பாதங்கள். விரல்களை அசைத்துக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்கோ. ஒண்ணும் ஆவாது. டப்பாவ எடுத்துட்டுக் கீழ எறங்கு. போன வச்சிராத."

நான் படியிறங்கிப் போனேன். கருப்பசாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டான். முத்துமாரி அக்கா தன் முட்டையில் பாதியை எடுத்து என் டப்பாவில் வைத்தார். நான் போனைக் குடத்தில் சாய்த்து வைத்தேன். அண்ணாச்சி கண்ணைச் சுருக்கி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எல்லாரும் உக்காந்தாச்சா? சரி, கைய வைங்க" என்றார்.